நீ குலுக்கிப் பார்த்த குப்பி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். ஸ்வீடனில், இந்த உப்சாலாவில் இப்போது மதியம் மூன்று மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது, லேபை விட்டு வெளியே வந்தால் பனியும் தெருவிளக்கும்தான். குளிர் பழகிவிட்டது, கவலைப்படாதே.

போன வாரம் தடுப்பூசி பற்றிய வகுப்பு முழுக்க உன் ஞாபகம்தான். புதன்கிழமை காலையில் ஐஸ் பேக்கைக் காதருகே வைத்துக் குலுக்குவாயே, உள்ளே தண்ணீர் சத்தம் கேட்டால்தான் தடுப்பூசிப் பெட்டியில் வைப்பாய், இல்லாவிட்டால் முத்தடுப்பு மருந்து உறைந்து வீணாகிவிடும் என்பாய். ஏன் வீணாகிறது என்று இப்போதுதான் முழுசாகப் புரிந்தது. குப்பியில் வெள்ளையாகக் கலங்கித் தெரிவது அலுமினிய உப்பு. 1926-இல் லண்டனில் கிளென்னி என்பவர் தொண்டை அடைப்பான் தடுப்பு மருந்தில் படிகாரத்தைச் சேர்த்தார், அப்பா ஷேவ் செய்துவிட்டுத் தடவுகிற அதே படிகாரம், எதிர்ப்புச் சக்தி நன்றாக ஏறியது. இப்படி மருந்துக்குத் துணை நிற்பதை அட்ஜுவன்ட் என்கிறார்கள். உறைந்தால் அந்தத் துகள்கள் கட்டி கட்டியாகத் திரண்டு அடியில் இறங்கிவிடும், வீரியமும் போய்விடும். சந்தேகம் வந்தால் இரண்டு குப்பியைக் குலுக்கிவைத்து எது சீக்கிரம் தெளிகிறது என்று பார்ப்பாயே, அது இதைத்தான்.

அப்புறம் இன்னொன்று, இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். சிலி நாட்டில் கில்லாய் என்று ஒரு மரம். அதன் பட்டைத்தூள் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கினேன், மூடிவரை நுரை! நீ பூந்திக்கொட்டை ஊறவைத்துப் பிசைகிற பாத்திரம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. இரண்டிலும் இருப்பது சபோனின் என்ற நுரைக்கும் பொருள். கில்லாய்ச் சபோனினும் ஒரு அட்ஜுவன்ட்தான். அதை அப்படியே ஊசியில் போட்டால் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். கொலஸ்ட்ராலும் இன்னொரு கொழுப்பும் சரியான அளவில் சேர்த்தால் 40 நானோமீட்டர் அளவில் கூண்டு கூண்டாகத் தானே அமைந்துகொள்கிறது, கடுமையும் அடங்கிவிடுகிறது. இந்த ஊரில் வேலை பார்த்த ப்ரோர் மொரெய்ன் என்ற கால்நடை வைரஸ் ஆராய்ச்சியாளர் 1984-இலேயே இப்படிக் கூண்டு செய்து காட்டியிருக்கிறார். அந்த வழியில் வந்த மேட்ரிக்ஸ்-எம் என்ற அட்ஜுவன்ட்தான் ஆர்21 மலேரியா தடுப்பூசியில் இருக்கிறது. 2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது, ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்காக நம்ம புனேயில் தயாராகிறது.

காம்பியாவில் தட்டம்மை-ரூபெல்லா மருந்தை ஊசியில்லாமல், நுண்முட்கள் உள்ள சின்னப் பட்டையாகக் குழந்தைகளின் தோலில் ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள், நன்றாகவே வேலை செய்திருக்கிறது. நீ அந்தப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் நடந்த நாளெல்லாம் நினைவுக்கு வந்து ரொம்ப நேரம் தூக்கமே வரவில்லை அம்மா.

யாராவது வந்தால் பூந்திக்கொட்டை ஒரு கால் கிலோ கொடுத்துவிடு. கில்லாய் பக்கத்தில் வைத்துக் குலுக்கிப் பார்க்கவேண்டும்.

உன் மகள்