பாய்மர வீரர்களை மேடையேற்றினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவந்த கடற்படையினரையும் ஒலிம்பிக்கில் போட்டியிட்டுத் திரும்பியவர்களையும் கல்லூரிகளும் சங்கங்களும் இப்போதெல்லாம் தங்கள் மாநாடுகளில் பேச ஆர்வத்தோடு அழைக்கின்றன. நாளிதழ்களும் அவர்கள் பேச்சைப் படத்துடன் வெளியிடுகின்றன. இது வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் அழைத்தபின் அவர்களை நாம் பயன்படுத்திக்கொள்ளும் விதத்தில் பெருங்குறை ஒன்று இருக்கிறது. சாதித்தவருக்கு மேடையும் கைதட்டலும் கிடைக்கின்றன. கற்றுக்கொடுப்பவருக்கு இரண்டாம் வரிசையில் ஒரு நாற்காலி கிடைக்கிறது. இந்த இருவரையும் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்த்தி, கடலில் ஒருவர் செய்ததை மற்றவர் கேள்வி கேட்டு வெளிக்கொணரும்படி நிகழ்ச்சியை வகுக்காதவரையில், இனிமேல் படகு ஓட்டப்போகும் பிள்ளைகளுக்கு அத்தகைய மாநாடுகளால் விளையும் பயன் சொற்பமே என்பது என் கருத்து.

இந்தியப் பாய்மரப் படகோட்டத்தின் அண்மை வரலாற்றையே பாருங்கள். 1968 ஜூன் முதல் 1969 ஏப்ரல் வரை எங்கும் நிற்காமல் தனியாளாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் பிரிட்டனின் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவர் சென்ற 'சுஹைலி' பம்பாயில் கட்டப்பட்ட தேக்குமரப் படகு. பல்லாண்டுகளுக்குப் பின், இந்தியர் ஒருவரும் தனியே உலகைச் சுற்றிவர வேண்டும் என்று ஓய்வுபெற்ற வைஸ் அட்மிரல் மனோகர் அவாதி முனைந்தபோது, அதற்கு முன்வந்த கடற்படை அதிகாரி திலீப் டோண்டே நேரே இங்கிலாந்துக்குப் போய் அதே நாக்ஸ்-ஜான்ஸ்டனிடம் பயின்றார். கோவாவில் ரத்னாகர் தாண்டேகரின் கட்டுதளத்தில் உருவான 'மாதேயி' படகில் 2009 ஆகஸ்டில் புறப்பட்டு, 2010 மே மாதம் அவர் திரும்பிவந்தார். அந்தப் பயணத்தில் டோண்டேவுக்குக் கரையிலிருந்து துணைநின்றவர் இன்னொரு கடற்படை அதிகாரியான அபிலாஷ் டோமி. பிறகு அதே படகில் 2012 நவம்பரில் மும்பையிலிருந்து கிளம்பி, எந்தத் துறைமுகத்திலும் ஒதுங்காமல் 2013-ல் சுற்றி முடித்தவரும் அவரே. அந்த டோமியிடம் பயிற்சி பெற்ற லெப்டினன்ட் கமாண்டர்கள் தில்னாவும் ரூபாவும், 2024 அக்டோபர் 2-ஆம் நாள் 'தாரிணி' படகில் கோவாவிலிருந்து புறப்பட்டு, ஃப்ரிமேன்டில், லிட்டெல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப்டவுன் வழியாக 25,000 கடல் மைலுக்கும் மேல் கடந்து, 2025 மே 29 அன்று வந்துசேர்ந்தார்கள். ரூபா நம் பக்கத்துப் புதுச்சேரிக்காரர்.

இந்த வரிசையில் ஆசான் இல்லாமல் வந்தவர் ஒருவர்கூட இல்லை, முதலாமவரைத் தவிர. தில்னா கடற்படையின் தளவாடப் பிரிவைச் சேர்ந்தவர், ரூபா படைக்கல ஆய்வுப் பிரிவைச் சேர்ந்தவர். கப்பல் செலுத்துவது இருவருக்கும் அன்றாட வேலை அல்ல. அப்படிப்பட்ட இருவரை, தென்னமெரிக்காவின் தெற்குக் கோடியில் புயலுக்குப் பேர்போன ஹார்ன் முனையைச் சுற்றும் அளவுக்கு எந்த முறையில், எந்த வரிசையில் பழக்கினார்கள் என்பதுதான் ஒரு பயிற்றுநர் கேட்டறிய விரும்பும் செய்தி. அவர்கள் வீடு திரும்பிய நாளில் நாம் கேட்டதோ, 'அலையைப் பார்த்துப் பயமாக இருந்ததா?' என்ற ஒரே கேள்வி.

டோமியின் அனுபவத்தையே எடுத்துக்கொள்வோம். செயற்கைக்கோள் வழிகாட்டி இல்லாமல், சூரியனையும் விண்மீன்களையும் அளந்து இருப்பிடம் கணிக்கும் செக்ஸ்டன்ட் கருவியையும் காகித வரைபடத்தையும் மட்டும் நம்பித் தனியாளாக உலகைச் சுற்ற வேண்டிய கோல்டன் குளோப் போட்டியில், 2018 செப்டம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடலின் நடுவே அவர் படகு புயலில் புரண்டது. பாய்மரங்கள் ஒடிந்தன. முதுகெலும்பு முறிந்து எழ முடியாமல் கிடந்தவரை, மூன்றாம் நாள் 'ஒசிரிஸ்' என்ற பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பல் மீட்டது. நான்கு ஆண்டு கழித்து அதே போட்டிக்கு அவர் மீண்டும் போனார். 16 பேர் கிளம்பிய அந்தப் போட்டியில், 236 நாள் கடலில் இருந்து, 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாமவராகக் கரை சேர்ந்தார். செய்தித்தாள்கள் இதை மன உறுதிக்கு எடுத்துக்காட்டாக எழுதின, தவறில்லை. ஆனால் அந்த இரண்டாம் பயணத்தில், காற்றின் திசைக்கேற்பப் படகைத் தானே செலுத்தும் கருவியின் துடுப்புப் பலகை உடைந்தபோது, அவர் கழிவறைக் கதவை அறுத்து மாற்றுப் பலகை செய்து பொருத்தினார் என்பதும் உண்டு. மன உறுதியைப் பற்றிய பத்து உரைகளைக் காட்டிலும் இந்தக் கதவைப் பற்றிய அரைமணி நேரப் பேச்சு ஒரு மாணவனுக்கு அதிகம் சொல்லும். பலகை எவ்வளவு தடிமன்? எதைக்கொண்டு அறுத்தார்? ஆடும் படகின் பின்புறத்தில் தொங்கிக்கொண்டு அதை எப்படி மாட்டினார்? அதற்கான கருவிகளைக் கரையிலேயே எடுத்துவைக்க யார் சொல்லிக்கொடுத்தார்கள்? வீரர் தானாக இதையெல்லாம் சொல்லமாட்டார். அவருக்கு அது பழகிப்போன வேலை. எதிரே அமர்ந்து கேட்க ஒரு பயிற்றுநர் வேண்டும்.

அதே போட்டியில் வென்ற தென்னாப்பிரிக்கரான கிர்ஸ்டன் நொய்ஷேஃபர், 2022 நவம்பரில் படகு மூழ்கி உயிர்காப்பு மிதவையில் கிடந்த பின்லாந்துப் போட்டியாளர் தாபியோ லெஹ்தினனைத் தேடிச்சென்று மீட்டுவிட்டுத்தான் தன் ஓட்டத்தைத் தொடர்ந்தார். அது பெருந்தன்மை என்று எல்லோரும் பாராட்டினோம். அலைகளுக்கிடையே அடிக்கடி மறைந்துபோகும் ஒரு சிறு மிதவையின் அருகில், பாய்மரப் படகை மோதாமல் கொண்டுபோய் நிறுத்துவது எத்தனை கடினமான கைவினை என்பதை அறிந்தவர்கள் அதைவிட உயர்வாகப் பாராட்டியிருப்பார்கள்.

இங்கே நடப்பதற்கு ஒரு சான்று. எங்கள் நகரில் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பு நடத்திய நிகழ்ச்சிக்கு, நீண்ட கடற்பயணம் முடித்த ஒருவர் வந்திருந்தார். குத்துவிளக்கு ஏற்றினார்கள்; வரவேற்புரை ஆற்றினார்கள்; பின்னர் முன்னிலை வகித்தோர், வாழ்த்துரை வழங்கியோர், ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, நினைவுப் பரிசு, நிழற்படம். பேச்சாளர் கையில் ஒரு கஜம் நீளத்துக்குக் கயிறு சுருட்டிவைத்திருந்தார். முடிச்சு ஏதோ காட்டத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்பது முன்வரிசையில் இருந்த எங்களுக்குத் தெரிந்தது. அவர் முறை வந்தபோது மதிய உணவுக்கு நேரமாகிவிட்டது என்று துண்டுச்சீட்டு போயிற்று. நாட்டுக்குப் பெருமை சேர்க்க வேண்டும் என்ற அளவில் நாலு வார்த்தை பேசி அமர்ந்தார். கயிறு சட்டைப்பைக்குள் போயிற்று. பின்வரிசைகளில் சீருடையில் உட்கார்த்திவைக்கப்பட்டிருந்த பள்ளிப் பிள்ளைகளில் ஒருவருக்கும் கேள்வி கேட்க வாய்ப்புத் தரப்படவில்லை.

பயிற்றுநர் என்று நான் சொல்வது யாரை என்பதையும் விளக்கிவிடுகிறேன். ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் முதலில் ஏறுவது 'ஆப்டிமிஸ்ட்' என்ற சிறு படகில். இரண்டே கால் மீட்டருக்குச் சற்று அதிக நீளம், சதுரமூக்கு, ஒற்றைப் பாய். 1947-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுவர்களுக்காக வடிவமைத்தது; இன்று உலகெங்கும் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகள் ஓட்டுவது. இதில் முதல் பாடம் படகை ஓட்டுவது அல்ல, கவிழ்ப்பது. கவிழ்ந்த படகைச் சுற்றி நீந்தி வந்து, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையைப் பிடித்து அதன்மேல் ஏறி நின்று, உடல் எடையால் படகை நிமிர்த்தி, உள்ளே ஏறி, கட்டிவைத்திருக்கும் கோப்பையால் தண்ணீரை இறைத்துக் கொட்ட வேண்டும். இதை அழாமல் செய்யப் பழகிய பிள்ளைக்குத்தான் படகைத் திருப்பும் கைப்பிடியான டில்லரும் பாய்க்கயிறும். காற்று எங்கிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தாலும் காதாலும் சொல்லச் செய்வது அடுத்தது. பயந்த பிள்ளையை எப்போது தனியே விடுவது, எப்போது மீட்புப் படகிலிருந்து குரல் கொடுப்பது, எப்போது வாய்மூடி இருப்பது என்று அறிந்தவர்தான் பயிற்றுநர். உலகைச் சுற்றியவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பயிற்றுநருக்கும் தென்பெருங்கடலின் அலை தெரிந்திருக்காது. ஒருவர் அறிந்தது மற்றவருக்குத் தேவை என்பதால்தான் மாநாடே.

வெளிநாடுகளில் இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1990-ல் டோரிஸ் கோல்கேட் தொடங்கிய தேசிய மகளிர் பாய்மரப் படகுச் சங்கம், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மார்பிள்ஹெட்டில் உள்ள கொரிந்தியன் படகு மன்றத்தில் பல ஆண்டுகளாக நடத்திவந்த மாநாட்டில், உரைகளோடு டீசல் எஞ்சின் பராமரிப்பு, படகைக் கரையணைத்தல் போன்றவற்றுக்குச் செய்முறை வகுப்புகளும் தண்ணீரில் பயிற்சியும் இருந்தன. தொடங்கியவரே ஒரு பாய்மரப் பள்ளியை நடத்தியவர் என்பதால் அந்த நினைப்பு இயல்பாக வந்திருக்கும். அந்நாட்டின் ஆண்டுச் சிறந்த வீராங்கனை என்ற விருதை ஐந்து முறை பெற்ற பெட்ஸி அலிசன், பின்னர் பாராலிம்பிக் அணியின் பயிற்றுநராக இருந்தார். சாதித்தவர் கற்பிப்பவராக மாறுவதை அங்கே இறக்கமாக யாரும் நினைப்பதில்லை. நம்மிடம் அந்த மரியாதை இன்னும் முழுதாக வரவில்லை.

தமிழகத்தில் இதற்கு ஆள் பஞ்சம் இல்லை. பாய்மரப் படகோட்டத்தில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன் சென்னையில் ஒரு கோடைக்காலப் பயிற்சி முகாமில் தொடங்கியவர். 2018 ஆசியப் போட்டியில் வெண்கலம் வென்று டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் சென்ற கணபதி, வருண் தக்கர் இருவரும் சென்னைக்காரர்கள். ஹாங்சோ ஆசியப் போட்டியில் வெண்கலம் பெற்ற விஷ்ணு சரவணன் வேலூரில் பிறந்தவர். ராணுவத்தில் பாய்மரப் படகு ஓட்டிய தந்தையே அவருக்கு முதல் ஆசான். 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் படகு மன்றமும் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் சென்னைத் துறைமுகத்திலேயே இருக்கின்றன. துறைமுகத்துக்குள் இருப்பதால் வெளியார் எளிதில் எட்டிப்பார்க்க வழியில்லை என்பது ஒரு தடை. ஆகவே ஆண்டுக்கொரு முறையாவது இவர்கள் ஊருக்குள் வந்து பேசுவது அவசியமாகிறது.

இன்னொரு வகை ஆசிரியர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். காசிமேட்டிலும் ஊரூர் குப்பத்திலும், எஞ்சின் வருவதற்குமுன் பாய் விரித்துப் போன முதியவர்களில் சிலர் இன்றும் உண்டு. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பேர் சொல்லி அழைப்பவர்கள். மேகத்தையும் தண்ணீரின் நிறத்தையும் பார்த்து, இன்னும் எவ்வளவு நேரத்தில் காற்றுத் திரும்பும் என்று கணிப்பவர்கள். தொண்டிப் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் இன்றும் கோயில் திருவிழாவை ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. இவர்களைச் சால்வை போர்த்தி வேடிக்கை மனிதர்களாக மேடையில் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒலிம்பிக் வீரர் எதிரே அமர்ந்து, 'காலைக் கரைக்காற்று ஓய்ந்து கடற்காற்று பிடிக்கும் அந்த இடைவெளியில் நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று கேட்க வேண்டும். அந்த இடைவெளியில் போட்டிகள் வெல்லப்படுவதும் தோற்கப்படுவதும் உண்டு என்பதை அவ்வீரர்களே ஒப்புக்கொள்வார்கள்.

காலமும் பொருந்திவருகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அதில் பெரும்பகுதி பள்ளி விடுமுறையும்கூட. மீனவர் குடும்பங்கள் கரையில் இருக்கும். பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். அம்மாதங்களில் சென்னையில் காலையில் வெயில் சுட்டாலும் நண்பகலை ஒட்டியோ அதன் பின்னரோ கடற்காற்று வந்துவிடும். முற்பகலில் அரங்கில் வீரரும் பயிற்றுநரும் உரையாட, பிற்பகலில் அதே காற்றில் தண்ணீருக்குப் போகலாம். பேச்சு ஆங்கிலத்தில் இருந்தால் உடனுக்குடன் தமிழில் சொல்ல ஒருவரை அமர்த்த வேண்டும். குப்பத்துப் பிள்ளைகள் புரியாமல் கைதட்டிவிட்டுப் போவதற்காகக் கூட்டம் கூட்டக் கூடாது. செலவுக்குப் பயந்து இதை ஒத்திப்போடுபவர்கள், பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஆகும் தொகையை ஒருமுறை கணக்குப் பார்க்கட்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். இத்தகைய நிகழ்ச்சிக்கு நிருபரை அனுப்பும்போது, யார் யார் முன்னிலை வகித்தார்கள் என்ற பட்டியலைச் சுருக்கிக்கொண்டு, பேச்சாளர் கற்றுக்கொடுத்த ஒரு செய்முறையையாவது படத்துடன் விரிவாக வெளியிடுங்கள். சிறுவர் பகுதியில் வெளியிட்டாலும் சரி. விடுமுறை தொடங்குவதற்கு முன்பே வந்தால், மாநாடு நடத்த நினைப்பவர்களும் அதைப் பார்த்துத் தங்கள் நிகழ்ச்சி நிரலை மாற்றி எழுத அவகாசம் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவொற்றியூர், சென்னை.