‘இவருக்குப் பதில் இவர்’ என்று போட்டால் போதுமா? சீரியல் தயாரிப்பாளர்களுக்கும் சேனல்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களுக்கும் சேனல்களின் ஃபிக்ஷன் பிரிவுத் தலைவர்களுக்கும் வணக்கம்.

எதைப் பற்றி எழுதுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை எபிசோடில் நாயகியாக நடிப்பவர் மாறினார். எபிசோட் முடிவதற்குள் கமெண்டுகளில் ‘பழைய ஆளையே கூட்டிட்டு வாங்க’ என்று ஆரம்பித்தது, ராத்திரி பத்து மணிக்கெல்லாம் புதிதாக வந்த பெண்ணின் மூக்கு, பல், நிறம், குடும்பம் வரை போய்விட்டது. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரைத் தேடினால் வரும் வசவு ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஆளை மாற்றியது நீங்கள். அதை உங்கள் வாயால் சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் தலையில் கட்டாதீர்கள்.

‘நடிப்பே வரல, கட்டை மாதிரி நிக்குது’ என்பதுதான் அதிகம் பேர் சொன்னது. அவர் ஏன் அப்படி நின்றார் என்பது செட்டில் இருந்த எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை எபிசோட், மாமியார் கை ஓங்கும் இடத்தில் ஃப்ரீஸ் ஆகி முடிந்தது. திங்கட்கிழமை அதே நொடியிலிருந்து தொடர வேண்டும். கண்டினியூட்டிப்படி அதே புடவை, அதே ரவிக்கை. ரவிக்கை தைத்தது விலகிப் போனவரின் அளவுக்கு. பக்கத் தையலுக்குள் விட்டுவைக்கிற துணி மிஞ்சினால் ஓர் அங்குலம் இருக்கும். அதைப் பிரித்துவிட்டும் போதவில்லை, முதுகில் கொக்கி எட்டவில்லை. இன்னொன்று தைக்க அதே துணி கிடைக்கவில்லை, நேரமும் இல்லை. வரிசையாக ஊக்குக் குத்தி, மேலே முந்தானையை இழுத்துப் போர்த்தி, ‘முதுகு கேமராவுக்குத் தெரியாம நில்லும்மா’ என்று சொல்லி ஷாட் வைக்கப்பட்டது. கையை உயர்த்தினால் ஊக்கு தெறிக்கும். திரும்பினால் முதுகு தெரியும். ஓடிப் போய்க் கணவன் காலில் விழ வேண்டிய காட்சியில் அவர் நின்ற இடத்திலேயே அழுதார். வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது கட்டை.

இதோடு பிராம்ப்டிங். உதவி இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்க, கேட்டுவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். பழகியவருக்கு அந்த இடைவெளி தெரியாமல் சொல்ல வரும். புதிதாக வந்தவருக்கு ஒவ்வொரு வரிக்கு முன்னும் ஒரு நொடி முகம் வெறுமையாகிவிடும், காது மட்டும் வேலை செய்யும். ஆற அமர எடிட் செய்தால் அந்த நொடியை வெட்டிவிடலாம். அன்று ராத்திரியே டெலிகாஸ்ட் என்றால் யார் வெட்டுவது? மேற்கொண்டு, ரசிகர்களுக்குப் பழகிய குரல் என்று பழைய டப்பிங் கலைஞரையே பேச வைத்தீர்கள். அவர் வேறொரு வாயசைவுக்குப் பழகியவர். புது வாய் சீக்கிரம் மூடிக்கொள்கிறது, குரல் பின்னால் இழுக்கிறது. அந்தப் பழியும் முகம் தெரிகிறவருக்குத்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே, எபிசோடின் தொடக்கத்தில் ‘நேற்று நடந்தது’ என்று பழையவரின் மிகச் சிறந்த அழுகை க்ளோசப்பைப் போட்டு, அது முடிந்த கையோடு புதியவரைக் காட்டினீர்கள். ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள் என்று ரசிகர்களுக்கு அறிவுரை வேறு. கீழே ஒரு வரி ஸ்க்ரோல், ‘இவருக்குப் பதில் இவர்’. பல்ப் மாற்றுவதற்குக்கூட மெயினை அணைத்துவிட்டுத்தான் மாற்றுவார்கள் ஐயா.

இதைச் சரியாகச் செய்ய முடியாது என்றில்லை. 2023 செப்டம்பரில் நடிகர் மாரிமுத்து மறைந்தபோது, ‘எதிர்நீச்சல்’ கதையில் அவர் நடித்த குணசேகரன் கொஞ்ச காலம் வீட்டில் இல்லாமல் போனார். அதற்குப் பிறகுதான் வேல ராமமூர்த்தி அந்த வேடத்தில் வந்தார். ஒப்பீடு அப்போதும் இருந்தது, ஆனால் பழைய முகத்துக்கும் புது முகத்துக்கும் நடுவில் மூச்சு விட இடம் இருந்தது. நடிகைகள் விஷயத்தில் இந்தப் பொறுமை பெரும்பாலும் கிடைப்பதில்லை. 2020 டிசம்பரில் சித்ரா மறைந்த பிறகு, அவர் நடித்த ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ முல்லையாகக் காவ்யா அறிவுமணி வந்தார். துக்கம் ஆறாத ரசிகர்கள் முன்னால் போய் நிற்பது யாருக்கும் எளிதில்லை. 2021இல் ‘பாரதி கண்ணம்மா’வில் ரோஷினி ஹரிப்ரியன் விலகி வினுஷா தேவி வந்தார். அங்கே மறைவு இல்லை, விலகல்தான். அப்போதும் ஒப்பீட்டை வாங்கிக் கட்டிக்கொண்டது புதிதாக வந்தவர்.

உங்கள் கதைகளில் செத்தவர் திரும்பி வருகிறார். பிளாஸ்டிக் சர்ஜரியில் முகம் மாறுகிறது, விபத்தில் நினைவு போகிறது, இரட்டைப் பிறவி ரயிலில் வந்து இறங்குகிறது. ஒரு தாலியைக் கட்டி முடிக்க இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறீர்கள். அப்படிப்பட்ட உங்களால் நாயகியை ஒரே ஒரு வாரம் அம்மா வீட்டுக்கு அனுப்ப முடியவில்லையா?

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டோம். முன்கூட்டியே எடுத்து வைத்த எபிசோட் கையில் இல்லாவிட்டால் என்ன பாடு என்பது எங்களுக்கும் தெரியும். விலகுகிறவர் கால்ஷீட் முடிவதற்கு முதல் நாள் சொன்னால் நீங்களும் என்னதான் செய்வீர்கள்? அதனால் பெரிதாக எதையும் கேட்கவில்லை. மாற்றம் உறுதியானதும் நாயகி இல்லாத காட்சிகளை நாலைந்து எபிசோடுக்கு இழுங்கள். துணைக் கதாபாத்திரங்களுக்கும் அது நல்லது, பாவம், மூன்று மாதமாகச் சாப்பாடு பரிமாறிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அந்த நாட்களில் புதியவருக்கு லுக் டெஸ்ட் எடுத்து, அவர் அளவுக்கே துணி தைத்து, முந்தைய எபிசோடுகளிலிருந்து முக்கியமான காட்சிகளைப் போட்டுக் காட்டுங்கள். டப்பிங் கலைஞரோடு ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் வாயசைவுத் தகராறு பாதி தீர்ந்துவிடும். முதல் காட்சி அழுகையாக இருக்க வேண்டாம், வசனம் குறைந்த சாதாரணக் காட்சியாக இருக்கட்டும். ஹாலில் மாட்டியிருக்கும் கல்யாணப் போட்டோவைப் புது ஜோடியை வைத்து மறுபடி எடுங்கள். மாலை, பட்டுப் புடவை, அரை மணி நேரம், அவ்வளவுதான் செலவு. இப்போது அந்தப் பெண் தன் மாமியார் வீட்டில் வேறொருத்தியின் கல்யாணப் படத்துக்குக் கீழே நின்று சீமந்தம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். ரீகேப்பிலும் ஃபிளாஷ்பேக்கிலும் முதல் மாதம் பழைய முகம் வேண்டாம்.

பிறகு உங்கள் சோஷியல் மீடியா குழு. ‘யார் பெஸ்ட்? கமெண்ட்ல சொல்லுங்க’ என்று இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டது ரசிகர் பக்கம் இல்லை, உங்கள் அதிகாரபூர்வப் பக்கம். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். யூடியூப் ஸ்டூடியோ அமைப்புகளில் தடை செய்ய வேண்டிய சொற்களைச் சேர்க்க இடம் இருக்கிறது. வசவுகளைத் தமிழ் எழுத்திலும், ஆங்கில எழுத்தில் நம்மவர்கள் அடிக்கும் எல்லா எழுத்துக்கூட்டலிலும் போட வேண்டும், ஒரு வடிவத்தை மட்டும் போட்டால் மற்றவை தப்பித்துவிடும். ஒரு ஆள் ஒரு மதியம் உட்கார்ந்தால் முடிகிற வேலை. புதியவரைக் கேமரா முன் நிறுத்தி ‘உங்க வீட்டுப் பொண்ணா நினைச்சு எனக்கும் ஆதரவு தாங்க’ என்று கெஞ்ச வைக்கும் வீடியோவும் வேண்டாம். வேலைக்கு வந்தவர் எதற்காகக் கெஞ்ச வேண்டும்?

வியாழக்கிழமை டி.ஆர்.பி. வரும். குறைந்திருந்தால் ‘புது ஆள் ராசியில்லை’ என்று மீட்டிங்கில் ஒருவர் சொல்வார். அதே வாரம் எதிரில் கிரிக்கெட் ஓடியிருக்கும், ஸ்லாட் அரை மணி தள்ளியிருக்கும், கதை ஒரு மாதமாக அந்த ஹாலை விட்டு நகராமல் இருந்திருக்கும். அதையும் எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம். மாற்றியது யார் என்பதை நீங்களே சொல்லுங்கள். நாளைய எபிசோடின் முதல் பத்து நொடி போதும். வாசகம் எழுத நேரமில்லை என்றால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

‘இந்தத் தொடரின் நாயகி விலகியிருக்கிறார். அவர் இடத்துக்குப் புதியவரைத் தேர்ந்தெடுத்தது தயாரிப்புக் குழுவும் சேனலும். இந்த முடிவு பிடிக்கவில்லை என்றால் எங்களிடம் சொல்லுங்கள், அவரிடம் அல்ல.’

இப்படிக்கு,
சீரியல் செட்டுகளில் உடை, உதவி இயக்கம், படத்தொகுப்பு வேலை பார்க்கும் சிலர்