10.40-க்கு அடை, 11 மணிக்கு மாத்திரை

மன்னார்குடி
ஞாயிற்றுக்கிழமை காலை 7.15

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். எழுத்து மேலே பெரிதாக இருக்கும், கீழே போகப்போக எறும்பு ஊர்வது மாதிரி ஆகிவிடும். அதுவும் இந்தப் பார்க்கின்சன் வியாதியின் வேலைதானாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி. ஆறு மணி மாத்திரை நன்றாகப் பிடித்திருக்கிறது, விட்டுப்போவதற்குள் முடித்துவிடுவேன்.

சின்னத்தை வீட்டுக் கிணற்றில் தூர் வாரினார்கள். அம்மாவுக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கேன்டீனில் ஒரு வடையைத் தின்றுவிட்டு அதையே சாப்பாடு என்று சொல்லாதே.

சித்திரையில் நீ வந்திருந்தாயே, அன்றைய பக்கத்தை நோட்டில் எடுத்துப் பார்த்தேன். முப்பது வருஷம் டைம்கீப்பராக இருந்தவன், மாத்திரைக்கும் டிரிப் ஷீட் மாதிரி எழுதி வைத்திருக்கிறேன், சிரிக்காதே. ‘10.40 அடை மூன்று, அவியல். 11.00 மாத்திரை. 12.30 பிடிக்கவில்லை. 2.15 எழுந்து நடந்தேன்.’ நீ பேசியது பன்னிரண்டரைக்கு. ஒரு மணி வண்டிக்கு நீ கிளம்பிவிட்டாய்.

அந்த மாத்திரையில் இருப்பது லெவோடோபா. பருப்பு, பால், முட்டை, மீனில் இருக்கிற புரதம் வயிற்றில் உடைந்து அமினோ அமிலங்களாகிறது. அதில் சிலதும் இந்த மருந்தும் குடலில் ஒரே வாசலில்தான் ஏறியாக வேண்டும். ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகிற இடத்திலும் அதே கதை. தீபாவளிக்கு முந்தின நாள் தஞ்சாவூர் வண்டியை நினைத்துக்கொள். மாத்திரை படிக்கட்டிலேயே தொங்கிக்கொண்டு நிற்கும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் கழித்துப் போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். காலையில் மாத்திரைக்கு வெறும் தண்ணீர், காபி முக்கால் மணி கழித்து. இந்த ஊர்க்காரனுக்கு அதைவிடத் தண்டனை கிடையாது.

தெரிந்தேதான் அடை தின்றேன். நாலு பருப்பு போட்டு உனக்காக அம்மா அரைத்தது. உன்னோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று இருந்தது.

மாத்திரை பிடிக்காவிட்டால் முகம் மரக்கட்டையாகிவிடும், குரல் எழும்பாது. நீ அந்த விஷயத்தைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். உள்ளுக்குள் நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது பருப்பு, மீனெல்லாம் ராத்திரிக்குத் தள்ளியாயிற்று, மத்தியானம் ரசம் சாதமும் காயும். அடியோடு விட்டால் உடம்பு இளைத்துவிடும். எதிர்வீட்டு மாமா பேச்சைக் கேட்டு ஒரு மாதம் கோதுமையை நிறுத்தியதில் இரண்டு கிலோ குறைந்ததுதான் மிச்சம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் விட வேண்டியதுதான், எனக்குப் பரிசோதனையில் அப்படி ஒன்றும் இல்லை. நாட்டு மருந்துக்கடையில் பூனைக்காலி விதைப்பொடி கொடுத்தார்கள். அதிலும் இதே லெவோடோபாதான் இருக்கிறது, மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மீறி உடம்பு தானாக ஆட ஆரம்பிக்கும் என்று டாக்டர் சத்தம் போட்டார். கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்பே எனக்கு மலச்சிக்கல் இருந்ததே, அதுவும் இதோடு சேர்ந்ததாம். தண்ணீர் நிறையக் குடி. உனக்கும்தான் சொல்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடு.

சித்திரைக்கு அப்புறம் நீ போன் செய்தால் அம்மாவிடம் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை. நீ டாக்டர் பட்டம் வாங்கியதைப் போஸ்ட்மேனிடம்கூடச் சொன்னவன் நான். உன்னிடம்தான் ஒன்றும் சொன்னதில்லை.

எல்லாப் பழியையும் அடை மேல் போட்டு முடித்துவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் பிளஸ் டூவில் 1,142 மார்க் என்று நீ டெப்போவுக்கே ஓடிவந்தாய். கண்டக்டர் டிரைவர் எல்லாரும் உனக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்கள். நான், ‘சரி, வெயிலில் நிற்காதே, வீட்டுக்குப் போ’ என்றேன். அப்போது எனக்கு வியாதியும் இல்லை, மாத்திரையும் இல்லை. சித்திரையில் நீ பார்த்த முகம் உனக்குப் புதுசில்லை. அதனால்தான் அது வியாதி என்று உனக்குத் தோன்றவில்லை.

எழுத்து சிறுத்துவிட்டது. நாலு மணி மாத்திரைக்கு அப்புறம், ஐந்திலிருந்து ஆறரை வரை நன்றாக இருக்கிறேன், பேச்சும் தெளிவாக வருகிறது. வந்தால் அந்த நேரத்துக்கு வா. ராத்திரி பஸ்ஸில் வராதே. நீ அன்று சொன்ன அவரும் வருவதாக இருந்தால் முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லிவிடு, அடைக்கு ஊறப்போட வேண்டும். நான் எட்டு மணிக்கு மேல் சாப்பிட்டுக்கொள்கிறேன்.

அப்பா