ஆண்டிறுதித் தேர்வும் கோடை வெயிலும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

குடியாத்தம்
ஏப்ரல்

அன்புள்ள பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

இந்தக் கல்வியாண்டு நல்லபடியாக முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது. ஆண்டு விழா சிறப்பாக நடந்தது. வட்டார விளையாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் பரிசுகள் வாங்கி வந்தார்கள். அறிவியல் கண்காட்சி, கலைத் திருவிழா, பேச்சுப் போட்டி என்று எல்லாவற்றிலும் ஆர்வத்தோடு கலந்துகொண்ட மாணவர்களுக்கும், அவர்களைத் தயார்படுத்திய ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பொதுத்தேர்வை நம்பிக்கையோடு எழுதியிருக்கிறார்கள். மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நீங்கள் கேட்டபடி குடிநீர்த் தொட்டியைக் கழுவி, உடைந்த மூடியையும் மாற்றியாயிற்று. நூலகப் புத்தகங்களை இன்னும் திருப்பித் தராதவர்கள் தேர்வு முடிவதற்குள் தந்துவிட வேண்டும்.

சரி, இனி இந்தக் கடிதம் எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

தேர்வு நாட்களில் பள்ளி மதியம் 12.30 மணிக்கு முடிகிறது. சைக்கிளில் வருபவர்களும், பக்கத்துத் தெருப் பிள்ளைகளும், ஷேர் ஆட்டோவில் போகிறவர்களும் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். பெற்றோர் வந்து அழைத்துப் போக வேண்டியவர்களில் ஒரு பகுதிப் பிள்ளைகள் மட்டும் வாசலிலேயே நிற்கிறார்கள். மணி ஒன்றாகிறது, ஒன்றரை ஆகிறது. சில நாள் இரண்டு மணிக்குக்கூட இரண்டு மூன்று பேர் புத்தகப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்தபடி நிற்பதைப் பார்க்கிறோம். உள்ளே வந்து உட்காருங்கள் என்று கூப்பிட்டால், “அப்பா வந்து பார்த்துட்டு, நாங்க இல்லைன்னு போயிடுவாரு” என்கிறார்கள். மற்ற மாதங்களில் இதை நாங்கள் பெரிதுபடுத்தியதில்லை. ஏப்ரலில் அப்படி இருக்க முடியாது.

வானிலை அறிக்கையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்னும் ஓரிரு நாள் நம் மாவட்டத்தில் ஆங்காங்கே இடி மின்னலோடும் பலத்த காற்றோடும் மழை பெய்யும், அதன் பிறகு வறண்ட வானிலை, வெப்பநிலை படிப்படியாக இயல்பைவிட இரண்டு மூன்று டிகிரி கூடும் என்பதுதான் அதன் சாரம். மழை பெய்துவிட்டதே, இனி வெயில் அடங்கிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோடை மழை வருவதே வெயிலால்தான். காலை முழுக்க நிலம் காய்ந்து, சூடான காற்று மேலே எழும்பி, கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்றோடு சேர்ந்து மேகமாகிறது. நமக்கு அது பெரும்பாலும் ஆந்திர எல்லை மலைப்பக்கம் கூடி, மூன்று நான்கு மணிக்கு மேல் இறங்கி வரும். ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போனதும் மறுநாள் காலையிலேயே புழுக்கம் தொடங்கிவிடும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. அப்புறம் மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று வீச ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதை வேலூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024 மே தொடக்கத்தில் வேலூரில் வெயில் 110 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரி வெயில் இன்னும் பாக்கியிருக்கிறது.

சமவெளியில் 40 டிகிரி செல்சியஸ், அதாவது 104 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டு, இயல்பைவிட நாலரை டிகிரி செல்சியஸாவது கூடினால் அதை வெப்ப அலை என்று வானிலைத் துறை அறிவிக்கிறது. அந்த அளவை எடுப்பது வெயிலில் அல்ல. காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் வைத்த வெப்பமானியில் எடுப்பது. நம் பள்ளி வாசலில் அந்த நிழல் கிடையாது. கீழே தார்ச்சாலை, பின்னால் இரும்புக் கேட், எதிரே கடைகளின் தகரக் கூரை. செய்தியில் 104 என்று சொல்லும் நாளில் அங்கே நிற்கும் பிள்ளையின் உடம்பு தாங்குவது அதைவிட அதிகம். பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் உடம்பு சீக்கிரம் சூடேறும். தலை வலிக்கிறது, மயக்கமாக வருகிறது என்று அவர்களாக வாய் திறந்து சொல்வதும் குறைவு. தேர்வு அவசரத்தில் காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையாக இருந்தால் இன்னும் மோசம்.

12.30-க்கு விடுவதே உச்சி வெயிலில்தானே என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்வி. 12 மணியிலிருந்து 3 மணி வரை வெளியே வராதீர்கள் என்று அரசே சொல்கிறது. ஆனால் தேர்வு நேரத்தை நிர்ணயிப்பது பள்ளி அல்ல. வெயிலில் இருக்கும் நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைப்பது மட்டும்தான் உங்கள் கையிலும் எங்கள் கையிலும் இருக்கிறது.

வெயிலோடு முடியவில்லை. வாசலுக்கு எதிரே இருக்கும் புளியமரம் எல்லோருக்கும் தெரியும். வெயிலுக்கு அதன் நிழலில் ஒதுங்கிப் பழகிய பிள்ளைகள், சென்ற வாரம் மாலை இடி இடித்தபோதும் அதே மரத்தடிக்குத்தான் ஓடினார்கள். நல்லவேளை, அவர்களை உள்ளே கூட்டி வர முடிந்தது. மின்னல் உயரமான தனி மரத்தைத் தேடி இறங்கும். மரத்தில் இறங்கியது பக்கத்தில் நிற்பவர் மேல் தாவும், வேர் வழியாகத் தரையிலும் பரவும். இதைப் பாடத்தில் நடத்துகிறோம். ஆனால் மழை வந்தால் மரத்தடியில் நில் என்றுதான் வீட்டில் சொல்லிப் பழக்கியிருக்கிறோம். தயவுசெய்து அதை மாற்றிச் சொல்லுங்கள். மின்னல் வெட்டியதிலிருந்து இடி கேட்கும் வரை ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். மூன்று எண்ணினால் சுமார் ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டுவிட்டால் ஆபத்து பக்கத்தில் இருக்கிறது, கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது. இடி இருக்கும்போது நாங்களும் கேட்டைத் திறக்க மாட்டோம். சரியான நேரத்துக்கு வந்துவிட்ட பெற்றோர்கள் அப்போது கோபித்துக்கொள்ளாமல் உள்ளே வந்து வராந்தாவில் உட்கார்ந்திருக்க வேண்டுகிறேன்.

நீங்கள் வேண்டுமென்றே தாமதிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகும் அம்மாக்களுக்குச் சாப்பாட்டு நேரத்துக்கு முன் எழுந்து வர முடியாது. தறியில் உட்கார்ந்தவர் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தால் அன்றைய கூலி குறையும். பீடிக் கட்டு கொடுக்கப் போன இடத்தில் வரிசை நீளமாக இருக்கும். ஒரே வண்டியை வைத்துக்கொண்டு இரண்டு பள்ளிகளுக்கு ஓடுகிறவர்களும் இருக்கிறீர்கள். அதனால்தான் இத்தனை நாள் எதுவும் சொல்லாமல் இருந்தோம்.

ஆனால் சிலவற்றை நேராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்றரை மணிக்கு வந்துவிட்டு, பிள்ளையை ஏன் உள்ளே உட்கார வைத்தீர்கள், தேடி அலைய வேண்டியிருக்கிறதே என்று வாட்ச்மேனிடம் சத்தம் போடுவது சரியல்ல. அவர் உங்களைவிட வயதில் மூத்தவர், வெயிலில் நிற்பவர். “வழியில் யாராவது தெரிந்தவர் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுங்கள்” என்று வகுப்பாசிரியருக்குப் போன் செய்வதும் வேண்டாம். எந்த ஆசிரியரும் அப்படி அனுப்ப மாட்டார், அனுப்பவும் கூடாது. வேலையை முடித்துவிட்டு டீயும் குடித்துவிட்டு வரலாம், பள்ளிதானே பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு ஒருசிலரிடம் இருக்கிறது. தேர்வு முடிந்த பிறகு ஆசிரியர்களுக்கு விடைத்தாள் கட்டு காத்திருக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து, முன்கூட்டித் தெரிவிக்காமல் மூன்றாவது முறை தாமதமாக வருகிறவர்கள் என்னை நேரில் பார்த்துக் காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பிள்ளையை அழைத்துப் போக முடியும். இதில் யாருக்கும் விதிவிலக்கு கிடையாது.

நாங்கள் செய்யும் ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். 12.45-க்குக் கேட்டை மூடிவிடுவோம். அதுவரை வராதவர்களின் பிள்ளைகள் தரைத்தளத்தில் ஆறாம் வகுப்பு அறையில் இருப்பார்கள். அங்கே மின்விசிறி இருக்கிறது, மண்பானைத் தண்ணீர் இருக்கிறது, ஆசிரியர் ஒருவரும் முறை வைத்து இருப்பார். அப்பா வந்தால் உள்ளே வந்துதான் கூப்பிடுவார் என்று வீட்டிலேயே சொல்லி அனுப்பினால் பிள்ளைகள் பயமில்லாமல் உட்காருவார்கள். இந்த அறை 1.30 மணி வரைதான். அதற்குள்ளும் வரவே முடியாதவர்கள் இணைத்துள்ள படிவத்தில், உங்களுக்குப் பதிலாக வரக்கூடிய இரண்டு பேரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். பாட்டி, சித்தப்பா, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அம்மா என்று யாராக இருந்தாலும் சரி, எழுதிக் கொடுத்தவரிடம் மட்டும்தான் அனுப்புவோம்.

ஒவ்வொரு பிள்ளையும் தண்ணீர் பாட்டிலோடு வர வேண்டும். வழக்கமான நாட்களில் தண்ணீர் குடிக்க மணி அடிப்பதுபோல் தேர்வு அறையிலும் நடுவில் ஒரு முறை குடிக்கச் சொல்வோம். காலையில் பழைய சோறோ கூழோ மோரோ, ஏதாவது ஒன்று வயிற்றில் போட்டு அனுப்புங்கள். வெயிலில் போய் வந்த பிள்ளைக்குத் தலைச்சுற்றலோ வாந்தியோ இருந்தால் நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணியால் கழுத்தையும் அக்குளையும் துடைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்பவாதம். அப்போது 108-க்குப் போன் செய்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தமிழக அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்து, உயிரிழப்புக்கு நாலு லட்சம் ரூபாய் நிவாரணமும் அறிவித்திருக்கிறது. அந்தப் பணம் வாங்கும் நிலைமை நம் ஊரில் எந்த வீட்டுக்கும் வர வேண்டாம்.

விடுமுறை பற்றியும் ஒரு வார்த்தை. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, கத்திரி வெயிலின் நடுவில்தான் வருகிறது. அம்மனைப் பார்க்காமல் இருக்கச் சொல்ல நான் யார்? கூட்டத்தில் பிள்ளைகளை வெறுங்காலோடும் வெறுந்தலையோடும் தனியாக விட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கிணற்றிலும் பாலாற்றுப் பள்ளங்களிலும் பெரியவர் துணையில்லாமல் குளிக்க அனுப்ப வேண்டாம். பள்ளி திறக்கும் தேதியை அரசு அறிவித்ததும் வகுப்பாசிரியர்கள் தெரிவிப்பார்கள். 2023-லும் 2024-லும் வெயிலால் அது தள்ளிப் போனது. அதனால் ஊருக்குப் போகிறவர்கள் செய்தியைப் பார்த்துக்கொண்டு திரும்பினால் போதும்.

சொன்னதில் ஏதாவது கடுமையாகத் தோன்றியிருந்தால் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலான பெற்றோர் மணி அடிப்பதற்கு முன்பே வந்து காத்திருக்கிறீர்கள். தன் பிள்ளையோடு தெருப் பிள்ளைகள் இரண்டு பேரையும் சேர்த்துக் கூட்டிப் போகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். வாசலில் தண்ணீர்ப் பந்தல் வைத்துத் தந்த முன்னாள் மாணவர்களுக்கும், தினமும் அதில் மோர் கொண்டுவந்து ஊற்றும் அம்மாவுக்கும் பள்ளியின் சார்பில் நன்றி. படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: அலுவலக அறை அலமாரியில் உரிமையாளர் தெரியாத தண்ணீர் பாட்டில்கள் நிறையச் சேர்ந்திருக்கின்றன. மூடி மட்டும் தனியாகவும் சில இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பாட்டில் காணாமல் போயிருந்தால் வந்து பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.