கலாவுக்கு, நார்மண்டி கடற்கரையிலேர்ந்து

கலா,

எப்படிடி இருக்க? முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் மாடிப்படி ஏற முடியுதா, பிசியோதெரபிக்கு விடாம போறியா? உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன், இங்க நாங்க தங்கியிருக்கற வீட்ல நெட் விட்டு விட்டுத்தான் வருது, அதான் பதில் போட முடியல. பையனுக்கு லீவு முடியப் போகுது, நாளன்னைக்கு பாரிஸ் கிளம்பறோம். அதுக்கு முன்னாடி உனக்கு நிதானமா எழுதிடணும்னு உட்கார்ந்தேன். வருஷா வருஷம் பத்தாம் கிளாஸுக்கு ரெண்டாம் உலகப்போர் பாடம் எடுத்தவ நீ, 1944 ஜூன் 6ல ஜெர்மன்காரங்க பிடிச்சு வச்சிருந்த பிரான்ஸை மீட்க, அமெரிக்க, பிரிட்டிஷ் படைங்க எல்லாம் கடல் வழியா வந்து இறங்குன கடற்கரைதான் இது, இந்த ஊரை உன்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது.

ஊர் பேரு அரோமான்ஷ். சின்ன ஊர்தான், நாலஞ்சு தெரு, ஒரு சர்ச், கடல். ஆனா கடலைப் பாத்தா நடுவுல கறுப்பு கறுப்பா பெரிய கான்கிரீட் பெட்டிங்க நிக்குதுடி, 1944ல இங்கிலாந்துல செஞ்சு கப்பல்ல கட்டி இழுத்துட்டு வந்து மூழ்க வச்சதாம், பெருசு ஒண்ணொண்ணும் 6,000 டன். துறைமுகம் எல்லாம் ஜெர்மன்காரங்க கையில இருந்துச்சு, அதனால துறைமுகத்தையே கையோட கொண்டு வந்துட்டாங்க! தண்ணி வத்துன நேரத்துல சிலது பக்கத்துலயே போகலாம், நானும் போய் ஒண்ணைத் தொட்டேன். அடி முழுக்க பச்சைப் பாசி, அதுக்கு மேல சிப்பி ஒட்டிக் கிடக்கு, உடைஞ்ச இடத்துல துருப்பிடிச்ச கம்பி நீட்டிக்கிட்டு இருக்கு.

இங்க எல்லாமே டைட், அதான் கடல் ஏறி வத்துற நேரம், பாத்துதான். நம்ம நாகப்பட்டினத்துல கடல் ஏறுறதும் வத்துறதும் ஒரு மீட்டர்கூட இருக்காது, இங்க ஆறேழு மீட்டர். காலைல ஜன்னலைத் திறந்தா சுவத்துல அலை அடிக்குது, மத்தியானம் பாத்தா கடலே எங்கயோ போயிடுச்சு, வெறும் ஈர மணல். டூரிஸ்ட் ஆபீஸ்ல டைட் டேபிள் வாங்கி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கோம், அதைப் பாக்காம யாரும் செருப்பே போடறதில்ல.

நேத்து ஓமாஹா பீச் போனோம். வேணும்னே லோ டைட் நேரம் பாத்துப் போனோம், ஏன்னா ஜூன் 6 காலைல அமெரிக்கக்காரங்க இறங்குனதும் தண்ணி வத்தியிருந்த நேரத்துலதான். ஜெர்மன் தளபதி ரோம்மல் என்ன பண்ணியிருந்தாருன்னா கடலுக்குள்ள கம்பமும் இரும்புச் சட்டமும் நட்டு கண்ணிவெடி கட்டி விட்டுட்டாரு, தண்ணி நிறைஞ்சிருந்தா அது ஒண்ணும் வெளியில தெரியாது, படகு நேரா வந்து மோதும். அதைத் தவிர்க்கத்தான் இவங்க தண்ணி வத்தி ஏற ஆரம்பிக்கற நேரமா பாத்து வந்தாங்க. ஆனா தண்ணி வத்துனா மணல் நீளுதே! தண்ணி ஓரமா நின்னு திரும்பிப் பாத்தேன் கலா, எதிர்ல மேடு, அது மேலதான் மெஷின் கன் இருந்துச்சு, நடுவுல சுமார் முந்நூறு மீட்டர் வெட்டவெளி, மறைய ஒரு கல்லு கிடையாது. நாங்க நடந்தே பாத்தோம், ஈர மணல்ல கால் புதையுது, வரி வரியா தண்ணி தேங்கி நிக்குது, கையை வீசிட்டு வெறுமன நடக்கவே எனக்கு மூச்சு வாங்குச்சு, அந்தப் பசங்க நனைஞ்ச துணியோட முப்பது கிலோ சுமந்துட்டு வந்திருக்காங்க. அடிபட்டு மணல்லயே கிடந்தவங்க மேல கடல் ஏறி வந்துடுச்சு, அதுல மூழ்கிப் போனவங்களும் உண்டாம். அங்க நின்னுட்டு இதைக் கேக்கறப்போ தாங்க முடியல. அந்த ஒரு பீச்ல மட்டும் செத்தவங்க, அடிபட்டவங்க, காணாமப் போனவங்க சேர்த்து ரெண்டாயிரத்துக்கும் மேல.

இன்னொண்ணு கேளு, இது உனக்கு ரொம்பப் பிடிக்கும். இங்க டைட் மேற்கேருந்து கிழக்கா வருது, அதனால ஓமாஹால அமெரிக்கக்காரங்க 6:30க்கு இறங்குனாங்க, நாங்க இருக்கற கோல்ட் பீச்ல பிரிட்டிஷ்காரங்களால 7:25க்குத்தான் இறங்க முடிஞ்சுது. ராத்திரி பாராசூட்ல குதிக்கறவங்களுக்கு நிலா வெளிச்சம் வேணும், விடிஞ்ச கையோட தண்ணி வத்தியிருக்கணும், ரெண்டும் சேர்ந்து வந்தது ஜூன் 5, 6, 7 மட்டும்தான். அஞ்சாம் தேதி காத்து மழைன்னு மொத்தப் படைக்கும் தலைவரா இருந்த ஐசன்ஹோவர் ஒருநாள் தள்ளி வச்சாரு. ஆறும் வேணாம்னு விட்டிருந்தா அடுத்து ஜூன் 19 வாக்குல, சரியா அன்னைக்குத்தான் பெரும்புயல் ஆரம்பிச்சு 22 வரைக்கும் அடிச்சுது, ஓமாஹால இதே மாதிரி கட்டுன இன்னொரு துறைமுகம் அதுலதான் நொறுங்கிப் போச்சு. அரோமான்ஷ்ல இருந்தது தப்பிச்சுது.

இப்போ அதே மணல்ல குழந்தைங்க பட்டம் விடுதுங்க, பாய்மரம் கட்டுன சின்ன வண்டியில ஆளுங்க சர்ருனு போறாங்க. இவருக்கு மனசு ஒப்பல, எனக்கு அப்படித் தோணல. ஊர்க்காரங்களுக்கு அது அவங்க கடற்கரைதானே, அவங்க பிள்ளைங்க அங்க விளையாடாம வேற எங்க விளையாடும்.

இன்னைக்கு பக்கத்துல இருக்கற பேயோ ஊருக்குப் போனோம். அந்த எழுபது மீட்டர் துணி, 1066ல நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தைப் பிடிச்ச கதையைத் தைச்சு வச்சிருக்காங்களே, அது இருக்கற மியூசியம் ரிப்பேருக்காக மூடியிருக்கு, அது ஒரு ஏமாத்தம். பிரிட்டிஷ் கல்லறைக்குப் போனோம். நாலாயிரத்துக்கும் மேல கல்லு, ஒவ்வொண்ணு அடியிலயும் பூச்செடி. நிறைய கல்லுல பேரு, வயசு, அதுக்குக் கீழ வீட்டுக்காரங்க எழுதிக் குடுத்த ஒரு வரி. 19, 20, 22னு படிச்சுட்டே போறப்போ நடுவுல ஜெர்மன் பேருங்களும் வருதுடி, கல்லோட மேல்பக்கம் மட்டும் வேற வடிவம், மத்தபடி அவங்களுக்கும் அதே புல்லு, அதே பூ. அதைச் செஞ்சவங்களை மனசாரக் கும்பிட்டேன்.

டியூஷன் பசங்களுக்கு இந்தப் பாடம் வர்றப்போ டைட் விஷயத்தைக் கண்டிப்பா சொல்லு, போர்டுல மணலை வரைஞ்சு காட்டு. ஒரே இடத்துல தண்ணி இருக்கறப்போ ஒண்ணு, வத்துனப்போ ஒண்ணுன்னு ரெண்டு போட்டோ எடுத்திருக்கேன், நெட் கிடைச்சதும் அனுப்பறேன். சென்னை வந்ததும் நேரா உன் வீட்டுக்குத்தான், ரெண்டு நாள் தங்கற மாதிரி வர்றேன். அதுவரைக்கும் பிசியோதெரபிக்கு மட்டம் போடாத.

உன்
வசந்தி