ரங்கூன் பெட்டியைப் பாட வைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் கொள்ளுத்தாத்தாவின் போனோகிராப் பாடியது. இரண்டே நிமிடம். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார்கள், முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. அன்று இரவே உங்கள் எல்லோருக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். ஆனால் இந்த வேலையில் ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்றுதான் இந்த மடல்.

பெட்டியைப் பார்க்காதவர்களுக்காக முதலில் அதைப் பற்றி. கொள்ளுத்தாத்தா ரங்கூனில் ஒரு மண்டியில் கணக்கு எழுதியவர். ஊருக்குத் திரும்பும்போது கொண்டுவந்தது இது. எடிசன் ஸ்டாண்டர்டு, மாடல் பி. 1905க்கும் 1908க்கும் இடையில் அமெரிக்காவில் செய்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் கிராமபோன் என்கிறார்கள். கிராமபோனில் தட்டு சுற்றும். இதில் சுற்றுவது தம்ளர் அளவில் ஒரு மெழுகு உருளை, நிமிடத்துக்கு 160 சுற்று. உருளையின் மேல் அங்குலத்துக்கு 100 கோடு. அந்தக் கோட்டின் அடியில் மேடும் பள்ளமுமாகப் பாட்டு பதிந்திருக்கும், நீலக்கல் முள் அதில் ஏறி இறங்கிக்கொண்டே போகும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை கடையாக நான் அலைந்திருக்கிறேன். கிராமபோன் பார்த்ததுண்டு. மெழுகு உருளைப் பெட்டி ஒன்றைக்கூட அங்கே பார்த்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு கடையில் இதைக் காட்டினேன். பெட்டியை இழைத்து வார்னிஷ் அடிக்கலாம், இரும்புக்கெல்லாம் முலாம் பூசலாம், உள்ளே மின்சார மோட்டார் வைத்தால் சாவி கொடுக்கும் தொல்லையே இல்லை என்றார்கள். முன்பணம் கொடுக்கும் வரைக்கும் போய்விட்டேன். அப்போது தடுத்தவர் அருங்காட்சியகப் பாதுகாப்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஐயா. "கெட்டதை மாத்தலாம்மா. பழசானதை மாத்தாதே" என்றார். ஐயா, இந்தப் பெட்டி இன்று பெட்டியாக இருப்பது அந்த ஒரு வார்த்தையால்தான். எதையும் கழற்றும் முன் படம் எடுக்கச் சொன்னீர்கள். ஒவ்வொரு திருகாணியையும் தனித் தீப்பெட்டியில் போட்டு எங்கே இருந்தது என்று எழுதி வைக்கச் சொன்னீர்கள். கடைசியில் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டியபோது ஒரு திருகாணிகூட மிஞ்சவில்லை.

அப்புறம் மதுரைக் கடிகார அண்ணாச்சி. ஸ்பிரிங் உள் நுனியில் முறிந்திருந்தது. புது ஸ்பிரிங் போட்டால் அரை நாள் வேலை. அண்ணாச்சி அதை ஒப்புக்கொள்ளவில்லை. நூறு வருடத்துக்கு மேலான மசகு கல்லாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்து, தடித்த கையுறை போட்டுக்கொண்டு, சுருளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்தார். அந்த ஸ்பிரிங் கை நழுவிப் பாய்ந்தால் சதையைக் கிழித்துவிடும், அதனால் பக்கத்தில் யாரையும் நிற்க விடவில்லை. முறிந்த இடத்தில் ஓர் அங்குலத்தை வெட்டி, புது நுனியை மட்டும் நெருப்பில் பழுக்கக் காட்டி மெல்ல ஆறவிட்டு, இரும்பு இளகிய பிறகு ஓட்டை போட்டார். இளக்காமல் போட்டிருந்தால் மறுபடியும் அங்கேயே முறியும் என்றார். பெட்டிக்குள் இப்போது ஓடுவது ரங்கூனில் ஓடிய அதே ஸ்பிரிங், ஓர் அங்குலம் குறைவு, அவ்வளவுதான். இதற்கு அவர் வாங்கிய கூலியை இங்கே எழுதினால் கோபித்துக்கொள்வார். எழுதவில்லை.

தேவகோட்டை ஆசாரியிடம் நான் பயந்துகொண்டேதான் போனேன். அடிப்பக்க மூலை ஒன்றைக் கரையான் தின்றிருந்தது. பெட்டி ஓக் மரம், நம் ஊரில் கிடைக்காது. தேக்கில் அந்தப் பக்கத்தையே புதிதாகச் செய்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் வெளிப்பலகையைத் தொடவே இல்லை. அரித்துப்போன உள்பக்கத்தை மட்டும் சுரண்டி எடுத்து, மெல்லிய தேக்குச் சட்டம் வைத்து, வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டினார். "வெந்நி காட்டினா விட்டுக்கொடுக்கும். நாளைக்கு வேற ஒருத்தன் பிரிச்சுப் பாக்கணும்ல" என்றார். தனக்குப் பிறகு வரப்போகும், முகம் தெரியாத ஓர் ஆசாரியை நினைத்து வேலை செய்தவரை நான் முதல் முறையாகப் பார்த்தேன்.

முகப்பில் 'எடிசன்' என்று எழுத்து இருக்கிறது. அதைத் துடைத்தது அம்மா. காதுக் குச்சியில் எச்சில் தொட்டு, நகக்கண் அளவு இடமாக, பதினோரு மதியம். எச்சில் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், அருங்காட்சியகங்களிலும் அப்படிச் செய்வதுண்டு என்று ஐயா சொன்ன பிறகுதான் செய்தோம்.

எனக்குப் பெரிய கவலை முள்தான். நீலக்கல் தேய்ந்து பட்டை விழுந்திருந்தால் உருளையைச் சீவிவிடும், பாட்டு போனது போனதுதான். செயற்கைக் கல் பட்டை தீட்டும் தொழில் திருச்சியில் தலைமுறைகளாக இருக்கிறது. அந்தத் தொழிலில் நாற்பது வருடம் இருந்த பெரியவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். உருப்பெருக்கியில் வெகுநேரம் பார்த்தார். மெழுகு அழுக்குதான் அப்பியிருக்கிறது, கல் நன்றாக இருக்கிறது, யார் கையிலும் கொடுக்காதே என்று சொல்லிப் பஞ்சில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். தீட்டித் தருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் நான் சரி என்றிருப்பேன். திருச்சி ஐயா, "நான் ஒன்றும் செய்யவில்லையே" என்று போனில் சொன்னீர்கள். அந்தக் கல்லை நீங்கள் தொடாமல் விட்டதற்குத்தான் நன்றி.

ஸ்பிரிங்கின் ஓட்டத்தை உருளைத் தண்டுக்குக் கொண்டுபோகும் தோல் பட்டையை மட்டும் மாற்றியே ஆக வேண்டியிருந்தது, தொட்டால் உதிர்ந்தது. திண்டுக்கல் தோல் கடைக்காரர் இரண்டு நுனிகளையும் சாய்வாகச் சீவி ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக் கொடுத்தார். தையல் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த முடிச்சு சக்கரத்தில் இடிக்கும், சுருதி ஆடும். பழைய பட்டையின் துண்டுகளைக் காகித உறையில் போட்டுப் பெட்டிக்கு உள்ளேயே வைத்திருக்கிறேன். வேகத்தைச் சரிபார்த்தது அண்ணன் மகன். உருளை மாட்டும் தண்டில் காகிதத் துணுக்கு ஒட்டி, செல்போனில் படம் பிடித்துச் சுற்றுகளை எண்ணினான். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் திருகாணியை மூன்று முறை நகர்த்திய பிறகு 160 வந்தது.

கோயம்புத்தூர் லேத் பட்டறைத் தம்பிக்கு ஒரு தனி வரி. சாவி கொடுக்கும் கைப்பிடி தொலைந்திருந்தது. படத்தைப் பார்த்தே கடைந்து கொடுத்து, பின்னால் யாரும் ஏமாறக் கூடாது என்று அதன் மேல் 'புதியது' என்று பொறித்தும் கொடுத்தார். மூன்று மாதம் கழித்துப் பெரியம்மா வீட்டுப் பரணில், பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவே அசல் கைப்பிடி கிடைத்தது! தம்பியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். என்னைவிட அவர்தான் அதிகம் சந்தோஷப்பட்டார்.

உருளைகள் நான்கு. இரண்டில் பூஞ்சை மெழுகையே தின்றிருக்கிறது, அவற்றை இனிப் போட முடியாது. மற்ற இரண்டின் விளிம்பில் எண்ணும் பெயரும் தெளிவாக இருந்தன. அமெரிக்காவில் சாண்டா பார்பராவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக நூலகம் ஆயிரக்கணக்கான உருளைகளைப் பதிவு செய்து, யாரும் இலவசமாகக் கேட்கும்படி வைத்திருக்கிறது. என் இரண்டில் ஒன்றை அங்கே தேடி எடுத்தேன், எடிசன் மிலிட்டரி பேண்டு வாசித்தது. எப்படி ஒலிக்க வேண்டும் என்று முன்கூட்டியே காதுக்குத் தெரிந்ததால்தான் ஞாயிற்றுக்கிழமை முள்ளைத் துணிந்து இறக்கினேன். அந்த நூலகத்தாருக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் நன்றி.

பாட்டு வெளியே வரும் குழலில் ஒரு நெளிசல் இருக்கிறது. கப்பலில் வாங்கியதாம், பெரியம்மா சொல்கிறார்கள். அதை நிமிர்த்தவில்லை.

ஒவ்வொரு முறை போடும்போதும் மெழுகு கொஞ்சம் தேயும், சித்திரை வெயிலில் இளகவும் செய்யும். அதனால் வருடத்துக்கு ஒரே ஒரு நாள், தை மாதத்தில் மட்டும் போடுவது என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். வரும் காணும் பொங்கலன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு. அண்ணாச்சி, ஆசாரி, திருச்சி ஐயா, தம்பி, எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும். சாவி கொடுக்கப் போவது பெரியம்மா.