மசினகுடியில் இரவு ஜீப் சவாரியை நிறுத்தக் கோரி மனு

அனுப்புநர்
மசினகுடி, மாவனல்லா, வாழைத்தோட்டம் ஊர்ப் பொதுமக்கள்

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகை.

பொருள்: இருட்டியபின் சுற்றுலா ஜீப்புகள் யானைகளை மறிப்பதைத் தடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கல்லட்டி இறக்கத்தின் 36 வளைவுகளைத் தாண்டினால் வரும் எங்கள் ஊர் தாங்கள் அறிந்ததே. கிழக்கு மலைத்தொடருக்கும் மேற்கு மலைத்தொடருக்கும் நடுவே யானைகள் போய்வரும் சீகூர் வழித்தடமும் இதுதான். இதே குறையை உரிய அலுவலகத்தில் முன்பே எழுதிக் கொடுத்தோம். ரசீது இருக்கிறது, பதில் இல்லை. ஆகவே தங்களிடம் வந்திருக்கிறோம்.

1. முதுமலையில் வனத்துறை நடத்தும் சவாரி காலையிலும் மாலையிலும் மட்டுமே. ஆனால் இங்கே 'நைட் சஃபாரி' என்று சொல்லி விடுதி வாசலிலேயே ஆள் ஏற்றுகிறார்கள்.

2. எங்களை மிகவும் வாட்டுவது இதுதான். பகல் வெயிலுக்கு ஒதுங்கியிருந்த யானைக் கூட்டம் இருட்டியபின் தண்ணீருக்கு இறங்குகிறது. நாளுக்கு நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும் உயிர் அது. முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு ஜீப், நடுரோட்டில் குட்டியோடு தாய் யானை. கண்ணிலேயே சர்ச் லைட் அடிக்கிறார்கள். ஹாரன், கூச்சல், செல்போன் ஃபிளாஷ். மிரண்ட யானை ஆற்றுக்குப் போக வழியில்லாமல் எங்கள் தெருவுக்குள் திரும்புகிறது. படம் எடுத்தவர் அறைக்குப் போய்ப் படுத்துவிடுகிறார். விடியும்வரை அந்த யானையோடு இருப்பது யார் ஐயா? கழிப்பறை இல்லாத வீட்டுப் பெண்கள் இருட்டில் எங்கே போவார்கள்? குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஆட்டோக்காரர் வர மறுக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியுமா? வேலை முடிந்து நடந்து வருபவருக்கு, யானை எந்த வளைவில் நிற்கிறதென்று யார் சொல்வது?

3. 2021 ஜனவரியில் இதே மசினகுடியில் எரியும் டயரை வீசி ஒரு யானையின் காதைப் பொசுக்கினார்கள். சிகிச்சைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அது செத்தது. நாடே பார்த்து அழுதது. அதற்குப் பிறகும் விளக்கு அடிக்கிறார்களே!

4. பழமும் மிச்சச் சோறும் வைத்து மானையும் பன்றியையும் விடுதி வேலியோரம் வரவழைக்கிறார்கள். விலங்கை விரட்டுவதும் இரை வைத்து இழுப்பதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை. விறகு பொறுக்கும் கிழவிக்குத்தான் சட்டமா?

5. வழித்தடத்தைக் காக்க 2011-ல் உயர் நீதிமன்றம் சொன்னதை 2020-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. இதற்குமேல் நாங்கள் யாரிடம் போக?

சுற்றுலாவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகள் பலருக்கு ஜீப்தான் சோறு. பகலில் ஓட்டட்டும். மாலை ஆறு மணிக்குமேல் ஊர் ரோடுகளில் சுற்றுலா ஜீப் வரக்கூடாது. சர்ச் லைட்டைப் பறிமுதல் செய்யுங்கள். மீறும் வண்டியின் பர்மிட்டையும் ஆள் ஏற்றும் விடுதியின் உரிமத்தையும் ரத்து செய்யுங்கள். இரவில் அழைத்தால் எடுக்கும் ஒரு தொலைபேசி எண்ணையாவது கொடுங்கள்.

ஐயா, ஒரு ராத்திரி முன்னறிவிப்பு இல்லாமல் இந்த ரோட்டில் வந்து பாருங்கள். மனுவில் எழுதியதைவிட அதிகம் தெரியும். கோடை வந்து ஓடைகள் வற்றுவதற்குள் இந்த இரவு ஜீப்புகளை நிறுத்தித் தருமாறு மீண்டும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்
(கையெழுத்துகளும் கைரேகைகளும் பின்பக்கம்)